துணிக்கு லிஃப்ட், ஆளுக்குப் பின்படி

மார்ச் 2

மாட்சிமை தங்கிய மருமகளுக்கு,

நேற்று வரை லிஃப்ட் மெக்கானிக்காகவும், இன்று மதியம் பன்னிரண்டு மணி முதல் அரசனாகவும் விளங்கும் உன் மாமன், ஹோட்டலாகிவிட்ட அரண்மனையிலிருந்து எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். என் கட்டிலும் நலம். அதன் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போவதென்றால் நடுவில் ஒரு நாள் தங்கிப் போக வேண்டும். குளியல் தொட்டியில் ஒரு யானையைக் குடும்பத்தோடு குளிப்பாட்டலாம். நான் தனியாக இறங்கி சோப்பைத் தொலைத்துவிட்டேன், தேடுதல் தொடர்கிறது. சுவரில் ஒரு ராஜா மீசையோடு என்னை முறைக்கிறார். "கட்டில் இப்போ என்னுது" என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

மேசை மேல் கிரீடம் அச்சடித்த காகிதம் ஒரு கட்டு வைத்திருக்கிறார்கள். யாரும் தொடுவதில்லையாம். நான் விடுவேனா? கடிதம் எழுத வேண்டும் என்றுதான் கைபேசியை உன் மேசை இழுப்பறையில் விட்டு வந்தேன். அது மறதி அல்ல, ராஜதந்திரம். ஹோட்டலுக்குப் போன் செய்தாலும், "மன்னர் போனில் பேசுவதில்லை" என்று சொல்லும்படி வரவேற்பறைப் பெண்ணுக்கு ஆணையிட்டிருக்கிறேன்.

நாற்பது வருஷம் உலகத்தையே மேலே ஏற்றிவிட்டவனுக்கு, கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து கொடுத்த ஓய்வுப் பரிசு இந்தப் பத்து நாள். கைக்கடிகாரம் கொடுத்துத் தொலைத்திருந்தால் அக்கா என்னோடு பேசிக்கொண்டிருப்பாள். நான் கிளம்பும்போது உன் அம்மா தேய்ப்புக் கடையை விட்டு வெளியே வரவில்லை, பார்த்தாயா? "அந்த வீட்டுக்கா போறே?" என்றாள், அவ்வளவுதான்.

பதினாறு வயதில் அவள் துணி தேய்த்த இடம் இது என்று உனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. அந்தத் தேய்ப்பறையில் இப்போது மசாஜ் என்று சுடுகல்லை முதுகில் அடுக்கிப் படுக்க வைக்கிறார்கள். லிஃப்ட் இருக்கிறது, தங்க வண்ணம் பூசி, கயிறு கட்டி, ஓடாமல். அந்தக் காலத்து விதியைக் கேள்: முன்படியில் அரச குடும்பம் மட்டும். லிஃப்டில் அரச குடும்பமும் அவர்கள் துணியும். வேலையாட்களுக்குப் பின்படி. தேய்த்த துணிக்கூடையை லிஃப்டுக்குள் தள்ளி, கம்பிக் கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்திவிட்டு, உன் அம்மா பின்படியில் மூன்று மாடி ஓட வேண்டும். மேலே லிஃப்ட் அவளை முந்தினால் திட்டு. துணிக்கு லிஃப்ட், ஆளுக்குப் பின்படி. பின்கதவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த பதின்மூன்று வயதுத் தம்பிக்கு அதுவும் கிடையாது.

நானும் இங்கே பின்படியில்தான் போய் வருகிறேன். கைப்பிடி உறுதியாக இருக்கிறதா என்று ஆய்வு செய்ய.

ஐந்து மணிக்குத் தேநீரோடு கதை சொல்வார்களாம். பச்சைத் திராட்சை வைத்த இனிப்பு ஒன்று தந்தார்கள். இரண்டு விழுங்கிவிட்டேன். கூப்பிடுகிறார்கள், போய் வருகிறேன்.

மாலை 6.30. கதை கேட்டேன். இந்தக் கடிதத்தை அக்காவிடம் காட்டாதே. அந்த இனிப்பின் பெயர் "திருடியின் கம்மல்".

மாமா

*

மார்ச் 4

மாமா,

காட்டாதே என்று எழுதிவிட்டு உறையின் மேல் கிரீடம் போட்டு அனுப்பினால் என்ன நடக்கும்? கூரியர்காரர் கடையில் கொடுத்தார். அம்மா நின்றபடியே முழுவதும் படித்தாள். மடித்து என் கையில் வைத்துவிட்டுத் தேய்க்கப் போனாள். அரை மணி நேரத்தில் தீய்ந்த வாசனை. வக்கீல் சட்டையின் முதுகில் தேய்ப்புப் பெட்டி அச்சு. என் முப்பத்திரண்டு வயதில் அம்மா ஒரு கைக்குட்டையைக்கூடக் கருக்கி நான் பார்த்ததில்லை.

"என்னம்மா ஆச்சு?"

"கை கனத்துடுச்சு."

"யாரும்மா அந்தத் திருடி?"

"உனக்குத் தேர்வுத்தாள் திருத்த வேலை இல்லையா?"

எனக்கு வேலை இருக்கிறது. ஆனால் இது என்ன என்று தெரியாமல் இருபத்தேழையும் பதினெட்டையும் கூட்டி முப்பத்தைந்து என்று டிக் போட்டிருக்கிறேன். என்ன கதை அது? நேராகச் சொல்லுங்கள். யானை, பூனை எல்லாம் வேண்டாம்.

சொல்லிவிட்டு உடனே கிளம்பி வாருங்கள். அறை எடுத்துத் தங்குகிறவரே பின்படியில் ஏறி இறங்குகிறார் என்றால் அங்கே உங்களுக்கு என்ன மகிழ்ச்சி என்று எனக்குப் புரியவில்லை.

உங்கள் மருமகள்

*

மார்ச் 5

கணக்கு டீச்சருக்கு,

யானை இல்லாமல் எழுதுகிறேன். பழக்கமில்லை.

இங்கே வெல்வெட் கோட்டு போட்ட கதைசொல்லி ஒருவர் இருக்கிறார். நல்ல குரல். அவர் சொன்னது இது: நாற்பத்தேழு வருஷத்துக்கு முன்பு ராணியின் பச்சைக்கல் கம்மல் ஒன்று பட்டுச் சால்வையில் மாட்டிக்கொண்டு தேய்ப்பறைக்குப் போனது. சால்வை மேலே திரும்பி வந்தது, கம்மல் வரவில்லை. தேய்த்தவள் ஒரு பெண், எண் நாற்பத்தொன்று. மறுநாள் விடிவதற்குள் மாயமாகிவிட்டாள். "இன்னைக்கும் அந்தக் கம்மல் எந்தக் காதுல ஆடுதோ!" என்று முடித்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டே திராட்சையைக் கடித்தார்கள்.

மாயமாகவில்லை, மருமகளே. துரத்தினார்கள். வேலையாட்கள் குடியிருப்பிலிருந்து அப்பா, அம்மா, அக்கா, நான், ஒரு தகரப்பெட்டி. ஒரே நாள் அவகாசம். அதற்கு முன்னால் அவளைச் சோதித்தார்கள். மேலதிகாரி அம்மாள் தலையணையைக் கிழித்தாள். எங்கள் அம்மாவே அக்காவின் பின்னலை அவிழ்த்துத் தேடினாள். வேலையாட்கள் மார்பில் பித்தளை வில்லை ஒன்று குத்துவார்கள், எண் போட்டது. அன்று அதுவும் அவளிடம் இல்லை. "வில்லை எங்கே? ஏன் மேலே வர இவ்வளவு நேரம்?" எதற்கும் அவள் வாய் திறக்கவில்லை.

சரி, மெக்கானிக் பேசுகிறேன். லிஃப்டுக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கிறது. அதில் விழாத பொருள் உலகத்தில் இல்லை. நான் லிஃப்ட் குழிகளிலிருந்து எடுத்தவை: சாவி நாலாயிரம், மூக்குக் கண்ணாடி, கல்யாண மோதிரம், ஒரு நீதிபதியின் பல் செட். இந்த லிஃப்ட் அடுத்த வருஷமே பழுதாகி நின்றுவிட்டதாம். நின்ற பெட்டி குழியை மூடிக்கொண்டிருக்கிறது. அன்று முதல் அதில் எவனும் இறங்கவில்லை. கூடையை மேலே இழுத்து எடுக்கும்போது கம்மல் அங்கேதான் விழுந்திருக்கிறது. எனக்குத் தெரியும்.

மேலாளரிடம் சொன்னேன். "லிஃப்ட் எங்க காட்சிப்பொருள் சார், தொடக் கூடாது" என்றார். ஆகவே போர். தினமும் ஐந்து மணிக்கு முதல் வரிசையில் உட்காருகிறேன். கதை முடிந்ததும் கை தூக்குகிறேன்.

"ஒரு சந்தேகம் தம்பி. அந்தப் பொண்ணு எடுத்ததை நீங்க பார்த்தீங்களா?"

"சார், அது நான் பிறக்கிறதுக்கு முன்னாடி."

"உங்க அப்பா பார்த்தாரா?"

"சார், இது ஒரு கதை."

"கதைன்னா சரி. அப்போ ராஜா எடுத்தார்னு சொல்லுங்களேன். அதுவும் கதைதானே?"

இன்று பின்வரிசையில் ஒரு கிழவர், "அதானே?" என்றார். ஒரு படை சேர்ந்துவிட்டது. குழியைத் திறக்காமல் இந்த அரசன் கோட்டையை விட்டு நகரமாட்டான்.

மாமா

*

மார்ச் 7

மாமா,

படித்தேன். நேற்று உங்களுக்குப் பதில் எழுத முடியவில்லை. கோபம்.

உங்கள் குழியில் கம்மல் இல்லையென்றால்? அதை யோசித்தீர்களா? ஐம்பது பேர் பார்க்க, தேடியும் கிடைக்கவில்லை என்றால் அம்மா இரண்டாவது முறை திருடி ஆவாள். முதல்முறை மற்றவர்கள் ஆக்கினார்கள். இந்த முறை நீங்கள்.

கடையில் அம்மா வைத்திருக்கும் பிஸ்கட் டப்பா உங்களுக்குத் தெரியும். துணிகளின் பாக்கெட்டில் கிடைத்ததெல்லாம் அதில் போட்டு, மேலே சீட்டு ஒட்டுவாள். 'மாடி வீட்டு நீலச் சட்டை, பொத்தான் ஒன்று.' 'டாக்டர் கால்சட்டை, சாவி.' சினிமா டிக்கெட்டின் கிழிந்த பாதியைக்கூடத் திருப்பித் தருவாள். இந்தத் தெருவில் அவளிடம் யாரும் எண்ணிப் பார்த்துத் துணி வாங்குவதில்லை. நாளைக்கு இந்தக் கதை இங்கே வந்தால், எண்ண ஆரம்பிப்பார்கள். அவள் இவ்வளவு வருஷமாக ஏன் சீட்டு ஒட்டினாள் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அவனைச் சும்மா இருக்கச் சொல்லு" என்றாள்.

"மாமா உனக்காகத்தானேம்மா சண்டை போடறார்?"

"அன்னிக்கு அவனும்தான் கேட்டான்."

மாமா, நீங்கள் என்ன கேட்டீர்கள்?

உங்கள் மருமகள்

*

மார்ச் 8

மருமகளுக்கு,

அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு எழுதினேன். கணக்கு டீச்சர் கண்ணில் விட்டுப்போனதுதான் முதலில் படும்.

தகரப்பெட்டியைக் கட்டும்போது கேட்டேன். "அக்கா, எடுத்துட்டியா? எடுத்திருந்தா என்கிட்ட குடு. யாருக்கும் தெரியாம நான் போய் வச்சுட்டு வந்துடறேன்." உதவி என்று நினைத்துத்தான் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். ராணி, அதிகாரி, அம்மா எல்லோரும் கேட்டபோது தரையைப் பார்த்தவள், என்னை மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

ஊரில் எத்தனையோ தொழில் இருக்க, லிஃப்ட் வேலைக்கு ஏன் போனீர்கள் என்று நீ சின்ன வயதில் கேட்பாய். "ஆகாயத்தைப் பிடிக்க" என்பேன். உண்மையில், அந்தக் குழிக்குள் என்றாவது இறங்கிப் பார்க்கத்தான்.

சேதி: விருந்தாளிகள் எல்லோரும் குழியைத் திற என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மேலாளர் அதையும் ஒரு காட்சியாக்கிவிட்டார். பத்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குத் திறப்பு விழா, பலகையே எழுதி வைத்திருக்கிறார். வெளியிலிருந்து ஆள் வரத் தாமதமாகுமாம், ஆகவே வேலை என் கையில். நேற்று முழுக்க மேலே மோட்டார் அறையில் கிடந்தேன். வடம் நான்கும் நன்றாக இருக்கிறது, பிரேக் பிடிக்கிறது. கைச்சக்கரத்தைச் சுற்றிக் காலிப் பெட்டியை மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்த்தேன்.

கம்மல் இல்லையென்றால் என்ன என்று கேட்டாய். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நிறுத்தமாட்டேன்.

மாமா

*

மார்ச் 9

மாமா,

அம்மா இல்லை. பள்ளியிலிருந்து வந்தேன், கடை பூட்டியிருந்தது. உங்கள் கடிதம் மேசையில் பிரித்துக் கிடந்தது. தேய்ப்புப் பெட்டி ஆறிப்போய் இருந்தது. நல்ல சேலை இல்லை, வார் தைத்த பழுப்புச் செருப்பு இல்லை. கடைக் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள்: 'மூன்று நாள் விடுமுறை. யாருடைய பொருளும் என்னிடம் இல்லை.'

அவள் கடை வைத்த நாளிலிருந்து விடுமுறை விட்டதில்லை. அங்கேதான் வருகிறாள் என்று நினைக்கிறேன். தேர்வு அறைக்கு நான் பொறுப்பு, நகர முடியவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள்.

போன கடிதத்தில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். கம்மல் கிடைக்கட்டும், கிடைக்காமல் போகட்டும், நீங்கள் தலை குனிந்துகொண்டு அந்தக் குழியிலிருந்து ஏறக் கூடாது. ஏறினால் என்னோடு பேச வேண்டாம்.

உங்கள் மருமகள்

*

மார்ச் 11

மாட்சிமை தங்கிய மருமகளுக்கு,

முதலில் உன் நெஞ்சுக்கு: அக்கா நலம். கட்டிலின் நட்டநடுவில் தூங்குகிறாள். எந்தக் கரையிலிருந்து கூப்பிட்டாலும் கேட்காத தூரம். நான் நாற்காலியில். சுவரிலிருக்கும் ராஜாவை அவள் துண்டால் மூடிவிட்டாள், "என்ன முறைப்பு" என்று.

இனி வரிசையாக. நேற்று ஐந்து மணி. ஐம்பது பேர் என்று நீ எழுதினாய். ஐந்து லட்சம் பேர் வந்திருந்தார்கள், நாற்காலிதான் அறுபது. பெட்டியை மேலே ஏற்றி நிறுத்திவிட்டு, கீழ்க்கதவைத் திறந்து, ஏணி போட்டுக் குழிக்குள் இறங்கினேன். கழுத்தளவு ஆழம். கிடைத்ததை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தேன். கொண்டை ஊசி ஒரு கைப்பிடி. பொத்தான் பதினொன்று. வெள்ளிக் கரண்டி ஒன்று. சீப்பு. பொய்ப்பல் ஒன்று, எந்த ராஜாவுடையது என்று சொல்ல மேலாளர் மறுத்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கம்மல் இல்லை.

மறுபடி தேடினேன். மூலை மூலையாக, விரலால். சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்பிரிங் அடியில் கெட்டிப்பட்ட கிரீஸுக்குள் வட்டமாக ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துச் சட்டையில் துடைத்தேன். பித்தளை. எண் நாற்பத்தொன்று.

கதைசொல்லிக்குக் கண் கூர்மை. "நாற்பத்தொன்று" என்று உரக்கப் படித்தார். பிறகு யோசித்து, மெதுவாக, "வில்லை லிஃப்ட் குழியில கிடக்குதுன்னா, அவ துணியோட லிஃப்ட்லயே ஏறியிருக்கா. அதாவது சால்வையோட தனியா இருந்திருக்கா" என்றார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. மருமகளே, நாற்பது வருஷம் காத்திருந்து, நானே தோண்டி, என் அக்காவுக்கு எதிரான சாட்சியை என் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

குழிக்குள் நின்றால் உலகம் முழுக்கச் செருப்புதான் தெரியும். பளபளப்பான செருப்புகளுக்கு நடுவில் ஒரு ஜோடி நடந்து வந்தது. பழுப்பு. வார் தைத்தது.

"ஆமா, ஏறினேன்" என்றாள் அக்கா.

கதைசொல்லி, "அம்மா, நீங்க..." என்றார்.

"நாப்பத்தொண்ணு. அந்த வில்லை என்னுது. குடுடா." கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். "உங்க கதையில எனக்கு எத்தனை வயசு தம்பி?"

"இருபத்தஞ்சுன்னு..."

"பதினாறு. தினமும் இருபது தடவை மூணு மாடி ஓடினேன். அன்னிக்குக் காலு வீங்கியிருந்தது. ஒரே ஒரு தடவை கூடையோட நானும் ஏறி உக்காந்தேன். கம்பி வழியா கூடம், விளக்கு எல்லாம் கீழே கீழே போச்சு. அழகா இருந்தது. மேலே யாரோ வர்ற சத்தம். பயந்து இறங்கினதுல வில்லை கம்பியில மாட்டி விழுந்துடுச்சு. எடுக்க முடியல, பின்படியில ஒளிஞ்சிருந்துட்டு நேரம் கழிச்சு வந்தேன். அதைச் சொன்னா, சால்வையோட தனியா இருந்தவ நான்தான்னு ஆகும். இப்போ நீங்க சொன்னீங்களே, அதே மாதிரி. அதான் சொல்லல."

"அப்போ கம்மல்?" என்றார் மேலாளர்.

"எனக்கெப்படித் தெரியும்? ராணியைக் கேளுங்க. லிஃப்ட்ல ஏறினது தப்புன்னா தப்புதான், செஞ்சேன். திருடல. ரெண்டையும் சேர்த்துச் சொல்லாதீங்க." பிறகு தட்டிலிருந்த இனிப்பைக் காட்டி, "இதுக்கு வேற பேரு வைங்க. சர்க்கரையும் ஜாஸ்தி" என்றாள்.

பிறகு லிஃப்ட் கதவைப் பார்த்தாள். "இது ஓடுமா?"

"கரண்ட் இல்லைம்மா, இது காட்சிப்பொருள்" என்று மேலாளர் குறுக்கே வந்தார்.

நான் குழியிலிருந்து ஏறிவிட்டேன், தலை நிமிர்ந்துதான். "கரண்ட் எதுக்கு சார்? மறுபக்கம் தொங்கற எடை இவளை விடக் கனம். பிரேக்கைத் தளர்த்தினா தானா மேல போகும்."

"யார் பொறுப்பு?"

"அறுபது வயசு மெக்கானிக் ஒருத்தன் பொறுப்பு."

மேலாளர் வாயைத் திறந்தார். பின்வரிசைக் கிழவர் தன் நாற்காலியை நகர்த்தி அக்காவுக்கு வழிவிட்டார். அடுத்தவரும் நகர்த்தினார். மேலாளர் வாயை மூடிக்கொண்டார்.

மோட்டார் அறைக்குக் கிளம்பினேன். கால் தன்பாட்டுக்குப் பின்படி பக்கம் திரும்பியது.

"டேய், எந்தப் பக்கம் போறே?"

அறுபது வயதில் முதல்முறையாக முன்படியில் ஏறினேன். மேலே போய்க் கைச்சக்கரத்தைச் சுற்றிப் பெட்டியைக் கீழே இறக்கினேன். அவள் ஏறிக் கம்பிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிரேக்கை மயிரிழை மயிரிழையாகத் தளர்த்தினேன். பெட்டி புறப்பட்டது.

லிஃப்ட் கூண்டு கிணறு மாதிரி. கீழே மெல்லப் பேசினாலும் மேலே கேட்கும். முதல் மாடி தாண்டினாள். இரண்டாம் மாடி. அப்புறம் குரல் வந்தது.

"டேய்."

"என்னக்கா?"

"அன்னிக்குக் கேட்டியே. எடுக்கலைடா."

பிரேக்கைப் பிடித்திருக்கும் கையை எடுக்கக் கூடாது. எடுக்கவில்லை. ஆனால் நாற்பது வருஷத்தில் முதல்முறையாக, பெட்டியைத் தளத்திலிருந்து அரையடி தாண்டி நிறுத்திவிட்டேன்.

"இதுக்கா பெரிய மெக்கானிக்குன்னு பேரு?" என்று திட்டிக்கொண்டே குதித்து இறங்கினாள். முன்படியில் நடுவே நடந்து கீழே போனாள், நான் பின்னால்.

இன்று ஐந்து மணிக்குக் கதைசொல்லி, "கம்மல் காணாமல் போனது, நாற்பத்தொன்றாம் எண் எடுக்கவில்லை" என்று சொன்னார். கடைசி வரிசையில் அக்கா உட்கார்ந்து, ஓடிய மாடிகளின் எண்ணிக்கையைத் திருத்தினாள்.

என் பத்து நாள் இன்றோடு முடிகிறது. நாளைக் காலை அறையைக் காலி செய்ய வேண்டும். அக்கா விழித்துவிட்டாள். கிரீடம் போட்ட காகிதத்தில் தானும் எழுத வேண்டுமாம், பேனாவைப் பிடுங்குகிறாள்.

மாமா

வக்கீல் கிட்ட சட்டைக்குப் பதில் சொல்லிக்கிறேன்னு சொல்லு. வில்லையை டப்பாவுல போட மாட்டேன், அது என்னுது. நாளைக்கு மாமா மட்டும் முதல்ல வந்தாலும் வருவான். நான் இன்னும் ரெண்டு தடவை ஏறிட்டுத்தான் வருவேன்.

அம்மா